காரைச் சுமந்த ஆகாயப் பரிசல்

(சர் ஃபிரெடி லேக்கரின் வாழ்க்கை)

பவானி ஆற்றையும் காவிரியையும் பரிசலில் கடந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. பரிசலில் ஆள் ஏறலாம், ஆட்டுக்குட்டி ஏறலாம், பரிசல்காரர் மனம் வைத்தால் மிதிவண்டியும் ஏறலாம். ஆனால் ஐந்து கார்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் ஒருசேர ஏற்றிக்கொண்டு, கடலுக்கு மேலே பறந்து சென்று அக்கரையில் இறக்கிவிட்ட பரிசல் ஒன்று இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. அதற்குக் கார்வேர் என்று பெயர். காரை ஆகாய வழியாகக் கொண்டு செல்வது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிச் சூட்டிய பெயர் அது. அந்த விமானத்துக்கு வித்திட்டவர் ஃபிரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர். 2006 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட அம்மனிதரின் வாழ்க்கையை நம் கல்லூரி மலரின் வழியாக உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆவல்.

எனக்கு அவர் அறிமுகமான விதம் சற்று விந்தையானது. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சூலூரில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரின் பேரனுக்கு மாலை நேரத்தில் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சென்றுவந்தேன். ஒருநாள் அந்தப் பெரியவர் பரணிலிருந்து பழைய அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கி என் கையில் கொடுத்தார். டி.சி.-4 என்னும் நான்கு எஞ்சின் விமானத்தின் பிளாஸ்டிக் உறுப்புகள் அதற்குள் இருந்தன. உண்மை விமானத்தை 144 மடங்கு சுருக்கிய அளவு. இரு சிறகுகளின் முனைக்கு முனை நீளம் நிஜத்தில் 35.8 மீட்டர், மாதிரியில் 25 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல். தமக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, நீயாவது கட்டி முடி என்றார் அவர். இதே விமானத்தின் தலையை வெட்டி, வேறு தலை வைத்தால் கார் சுமக்கும் விமானமாகிவிடும் என்றும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை நூலகத்துக்கும், அங்கிருந்து லேக்கரிடமும் கொண்டு சேர்த்தது.

தாயின் உழைப்பில் வளர்ந்தவர்

ஃபிரடெரிக் ஆல்ஃபிரட் லேக்கர் 1922 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்திலுள்ள கேன்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை கப்பலில் வேலை பார்த்தவர். மகனுக்கு ஐந்து வயதாகும்போது குடும்பத்தை விட்டுப் பிரிந்து போய்விட்டார். தாய்தான் உழைத்து மகனை ஆளாக்கினார். பள்ளிப் படிப்பில் லேக்கர் பெயர் எடுத்ததில்லை. சிறுவனாக இருந்தபோது கேன்டர்பரி வானில் பெரிய விமானம் ஒன்று பறந்து சென்றதைப் பார்த்து, இனி நமக்கு இதுதான் தொழில் என்று முடிவு செய்துகொண்டாராம்.

பதினாறு வயதில் பள்ளியை விட்டு, ராச்செஸ்டர் நகரில் இருந்த ஷார்ட் சகோதரர்கள் விமானத் தொழிற்சாலையில் சேர்ந்தார். நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் விமானங்களைக் கட்டிய புகழ்பெற்ற தொழிற்சாலை அது. அங்கே அவருக்குக் கிடைத்தது எடுபிடி வேலை. நம் ஊர்ப் பட்டறைகளில் புதிதாகச் சேரும் பையன் டீ வாங்கி வருவதிலும் தரை கூட்டுவதிலும் தொடங்குவதில்லையா? அது போன்ற தொடக்கம்தான். இரண்டாம் உலகப் போர் மூண்டபின், 1941 முதல் 1946 வரை, தொழிற்சாலைகளிலிருந்து விமானங்களை விமானப்படைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் துணைப் படையில் பணியாற்றினார். எத்தனையோ வகை விமானங்களைத் தொட்டுப் பார்த்துப் பழகும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிடைத்தது. அவர் படித்த கல்லூரி அதுவே எனலாம்.

பழைய இரும்பும் புதிய வாழ்வும்

போர் முடிந்தது. ஆயிரக்கணக்கான போர் விமானங்கள் கேட்பாரற்று நின்றன. மற்றவர்களுக்கு அவை குப்பை, லேக்கருக்கு மூலதனம். 1947 ஆம் ஆண்டில் ஏவியேஷன் டிரேடர்ஸ் என்ற பெயரில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பழைய விமானங்களையும் உதிரி உறுப்புகளையும் வாங்கி விற்றார். 1948 இல் நண்பர் ஒருவரிடம் பெரும் தொகையைக் கடனாகப் பெற்று, குண்டுவீச்சு விமானங்களாயிருந்து பயணிகள் விமானங்களாக மாற்றப்பட்ட ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் பன்னிரண்டை உதிரி உறுப்புகளோடு வாங்கினார்.

வாங்கிய வேளை நல்ல வேளை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சோவியத் படைகள் மேற்கு பெர்லின் நகருக்குச் செல்லும் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அடைத்தன. நகர மக்களுக்கு மாவும் நிலக்கரியும் எண்ணெயும் வான்வழியாகவே போய்ச் சேர வேண்டிய நிலை. பறக்கக்கூடிய விமானம் எதுவாயினும் தேவைப்பட்டது. லேக்கரின் விமானங்கள் இரவு பகலாகப் பறந்தன. 1949 இல் அந்தப் பணி ஓய்ந்தபோது அவர் கையில் பணம் இருந்தது. அந்தப் பழைய விமானங்களை என்ன செய்தார் தெரியுமா? உடைத்து உருக்கி அலுமினியமாக விற்றார். அந்த அலுமினியம் சமையல் பாத்திரமாக மாறியது. பெர்லினுக்கு உணவு சுமந்த விமானம் பின்னர் ஏதோ ஒரு வீட்டு அடுப்பில் உணவு வேக வைத்தது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. டகோடா விமானத்துக்கு மாற்றாக அக்கவுன்டன்ட் என்ற புதிய விமானத்தைத் தம் நிறுவனத்திலேயே வடிவமைத்தார். 1957 ஜூலையில் அது பறக்கவும் செய்தது. ஆனால் வாங்குவார் இல்லை. ஒன்றோடு நின்றுபோனது. விமானப்படை கழித்துக் கட்டிய 252 பிரென்டிஸ் பயிற்சி விமானங்களை மொத்தமாக வாங்கினார். மாற்றி விற்க முடிந்தவை மிகச் சிலவே. மீதி உடைசலுக்குப் போயின. முழுப் புதிய விமானம் கட்டுவது தமக்கு ஆகாது, இருப்பதைக் கொண்டு ஆக்குவதே தம் வழி என்பதை இந்தத் தோல்விகளிலிருந்து அவர் கற்றிருக்க வேண்டும். அடுத்து அவர் செய்த காரியம் அப்படித்தான் எண்ண வைக்கிறது.

கார் ஏன் பறந்தது?

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடல் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 34 கிலோமீட்டர்தான். நம் கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் தூரம் கூட இல்லை. ஆயினும் அக்காலத்தில் காரோடு கடப்பது பெரும்பாடு. பல துறைமுகங்களில் பாரந்தூக்கியால் காரைத் தூக்கிக் கப்பலில் வைக்க வேண்டும். நேரமும் ஆகும், காருக்கு அடியும் படும். 1948 ஜூலையில் சில்வர் சிட்டி என்ற நிறுவனம் பிரிஸ்டல் ஃபிரைட்டர் என்னும் விமானத்தில் காரை ஏற்றி லிம்ப்னி என்ற இடத்திலிருந்து பிரான்சின் லெ துக்கே நகருக்குப் பறந்து காட்டியது. அவ்விமானத்தின் மூக்கு, வீட்டு வாசலின் இரட்டைக் கதவுபோல் இருபுறமும் திறக்கும். சாய்தளம் வைத்துக் காரை உள்ளே ஓட்டிச் செல்லலாம். முதலில் இரண்டு கார்கள். பின்னர் உடல் நீட்டப்பட்ட விமானத்தில் மூன்று கார்கள். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இந்த விமானத்தின் மாதிரிப் பெட்டியைச் சில்வர் சிட்டியின் வண்ணக் குறிகளோடு 72 இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டது. பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் அதை விரும்புகிறார்கள்.

லேக்கரும் 1954 இல் சவுத்எண்ட் நகரிலிருந்து கலே நகருக்கு இதே பிரிஸ்டல் விமானங்களைக் கொண்டு கார்ப் போக்குவரத்தைத் தொடங்கினார். ஆனால் அவ்விமானங்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இன்னும் அதிகக் கார்களை இன்னும் தொலைவுக்கு, சுவிட்சர்லாந்தின் மலையடிவாரம் வரைக்கும் கொண்டு செல்ல வேண்டும். புதிய விமானம் வாங்கக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் டி.சி.-4 விமானத்தின் மீது அவர் கண் விழுந்தது. நம் நாட்டில் இந்தியன் ஏர்லைன்சும் ஸ்கைமாஸ்டர் என்ற பெயரில் பறக்கவிட்ட விமானம்தான் அது. ஜெட் விமானங்கள் வந்துவிட்டதால் அவை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. உடல் நெடுகிலும் ஒரே அகலம். மேலும், உள்ளே காற்றழுத்தம் ஏற்றாத விமானமாதலால் வெட்டி ஒட்டுவது எளிது. மூக்கில் பெரிய கதவு வைத்தாலும் அழுத்தம் கசியுமே என்ற கவலை இல்லை.

லேக்கரின் பொறியாளர்கள் அதன் தலையைச் சிறகுக்கு முன்பாகவே வெட்டி எடுத்தார்கள். முன்னைவிட சுமார் 2.6 மீட்டர் நீளமான புதிய தலையைப் பொருத்தினார்கள். விமானி அமரும் அறையைக் கூரைக்கு மேலே திமில்போல் ஏற்றி வைத்தார்கள். மூக்கு முழுவதும் ஒரே கதவாக ஒரு பக்கமாகத் திறந்தது. தரையிலிருந்து உயரம் அதிகமாதலால் காரை மேலே தூக்கிக் கொடுக்கத் தனித் தூக்கி வண்டி ஒன்றும் தேவைப்பட்டது. உள்ளே ஐந்து கார்கள். பின்புறம் இருபதுக்கு மேற்பட்ட பயணிகள். 1961 ஜூன் 21 ஆம் நாள் சவுத்எண்டில் முதல் கார்வேர் பறந்தது. மொத்தம் 21 விமானங்கள் இப்படி உருமாறின. 1964 இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமான கோல்டுஃபிங்கரில் வில்லனின் ரோல்ஸ் ராய்ஸ் காரை விழுங்கிச் செல்வது இவ்விமானமே.

பட்டறையில் கற்ற பாடம்

இங்கே என் கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலும் நாமக்கல்லிலும் லாரிக்குப் பாடி கட்டுவதையும், கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுவதையும் அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸ் வரும். கேபின் முதல் பின் கதவு வரை நம் ஊர்க் கைகள் கட்டிக் கொடுக்கும். என் அப்பா அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் டிங்கர். மகன் படித்து மேலே வர வேண்டும் என்று, சிறு வயதிலிருந்தே என்னை ஒரு சுத்தியலைக் கூடத் தொட விட்டதில்லை.

தீபாவளி விடுமுறையில் பெட்டியை ஊருக்குக் கொண்டுபோனேன். உறுப்புகளைச் சட்டத்திலிருந்து நறுக்கி, காய்ந்துபோகாமல் மிஞ்சிய பசையால் உடலின் இரு பாதிகளை ஒட்டினேன். பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கும் பசை அது. சிறிது கூடினாலும் உறுப்பே உருகிவிடும். ஒரு சன்னல் பக்கம் உருகியும் போயிற்று. கார்வேரின் பக்கவாட்டுப் படத்தைச் சரியான அளவுக்கு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, தலையை வெட்ட மனம் வராமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அப்பா எனக்குத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் இரவு வந்து அருகில் அமர்ந்தார். இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் படத்தையே பார்த்தார். தலையை இவ்வளவு உயரமாகக் கட்டினால் பக்கக் காற்று பிடித்துத் திருப்பிவிடாதா என்றார். பாலக்காட்டுக் கணவாயில் காற்று வீசும் மாதங்களில் உயரப் பாடி கட்டிய லாரி என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியும். இயற்பியல் படிக்கும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. விடை என்னிடம் அன்று இல்லை.

கல்லூரிக்குத் திரும்பியபின் தேடிப் பார்த்தேன். அவர் கேட்டது மிகச் சரி. புவியீர்ப்பு மையத்துக்கு முன்னால் பரப்பு கூடினால், காற்று மூக்கைத் திருப்பும் விசையும் கூடும். அதை ஈடு செய்யப் பின்னால் வாலின் பரப்பைக் கூட்ட வேண்டும். கோபுர உச்சியில் சுழலும் காற்றுத் திசைகாட்டியின் வால் அகலமாக இருப்பதும் இதனால்தான். லேக்கரின் பொறியாளர்கள் கார்வேருக்குச் செங்குத்து வாலை உயர்த்திக் கட்டியதன் காரணமும் அதுவே. நான் அதுவரை பழைய வாலையே வைத்துக் கட்டுவதாக இருந்தேன்.

அடுத்த விடுமுறையில் அப்பாவும் நானும் சேர்ந்தே வேலை செய்தோம். புதிய தலையை மரத்துண்டில் செதுக்கி, அரத்தால் ராவி, லாரிக்குப் பார்ப்பது போலவே பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தார் அவர். வாலை நான் பிளாஸ்டிக் அட்டையில் வெட்டி உயர்த்தினேன். மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானமாதலால் மூக்கில் எடை வேண்டும். இல்லையேல் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பட்டறையிலிருந்து இரண்டு நட்டுகள் வந்து சேர்ந்தன. பெட்டியிலிருந்த ஒட்டுப் படங்கள் மஞ்சள் பாரித்து, நீரில் இட்டதும் துண்டு துண்டாகிப் போயின. எழுத்துகளைத் தூரிகையால் எழுதினோம். அப்பாவின் எழுத்து என் எழுத்தைவிட நேராக இருந்தது.

ஏற்றமும் இறக்கமும்

லேக்கரிடம் திரும்புவோம். 1958 இல் தம் நிறுவனங்களை ஏர்வொர்க் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். 1960 இல் பிரிட்டிஷ் யுனைட்டட் ஏர்வேஸ் உருவானபோது அதன் நிர்வாக இயக்குநரானார். கார்வேர் பறந்தது அந்தக் காலத்தில்தான். 1965 இல் அங்கிருந்து விலகி, 1966 இல் தம் பெயரிலேயே லேக்கர் ஏர்வேஸ் தொடங்கினார். காரை நேராக உள்ளே ஓட்டிச் செல்லும் கப்பல்களும், 1968 முதல் காரைச் சுமந்து நீரின் மேல் மிதந்தோடும் பெரிய ஹோவர்கிராஃப்டுகளும் வந்ததால் ஆகாயப் பரிசலின் காலம் மெல்ல முடிந்தது. அதற்குள் லேக்கரின் மனம் வேறொன்றில் ஊன்றிவிட்டது.

பணக்காரர் மட்டுமே அட்லாண்டிக் பெருங்கடலைப் பறந்து கடக்க வேண்டுமா? இதுவே அவர் எழுப்பிய கேள்வி. பேருந்தில் ஏறுவதுபோல் அன்றன்றைக்குச் சீட்டு வாங்கிப் பறக்கும் ஸ்கைடிரெயின் திட்டத்துக்கு 1971 இல் உரிமம் கேட்டார். அரசாங்கமும் பெரிய விமான நிறுவனங்களும் போட்ட முட்டுக்கட்டைகளை நீதிமன்றம் வரை சென்று நீக்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1977 செப்டம்பர் 26 ஆம் நாள் லண்டன் காட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு முதல் ஸ்கைடிரெயின் பறந்தது. ஒரு வழிக் கட்டணம் 59 பவுன். சாப்பாட்டுக்குத் தனிக் காசு. சீட்டுக்காக மக்கள் வரிசையில் காத்து நின்றார்கள். மறு ஆண்டே சர் பட்டம் வந்தது.

ஆனால் கடன் வாங்கிப் பெருகிய நிறுவனம் அது. 1979 இல் சிகாகோ விபத்தை அடுத்து டி.சி.-10 விமானங்கள் சில வாரங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. லேக்கர் அவற்றையே நம்பியிருந்தார். பொருளாதார மந்தம் வந்தது. கடனை டாலரில் கட்ட வேண்டியிருக்க, பவுனின் மதிப்புச் சரிந்தது. போட்டி நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தை அவர் அளவுக்குக் குறைத்தன. 1982 பிப்ரவரி 5 ஆம் நாள், 25 கோடி பவுனுக்கு மேற்பட்ட கடனோடு லேக்கர் ஏர்வேஸ் மூடப்பட்டது. அவரைக் காப்பாற்ற எளிய மக்கள் தங்களால் இயன்ற தொகையை அனுப்பினார்கள் என்பது அவர் ஈட்டிய உண்மையான செல்வம். தம்மை வீழ்த்தக் கூட்டுச் சதி நடந்தது என்ற வழக்கு 1985 இல் சமரசத்தில் முடிந்தது. பின்னர் பஹாமா தீவுகளிலிருந்து சிறிய அளவில் மீண்டும் விமானம் நடத்தினார். 2006 பிப்ரவரி 9 ஆம் நாள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தம் 83 ஆம் வயதில் காலமானார்.

நம் மண்ணிலும் ஒருவர்

இவ்வரலாற்றைப் படிக்கையில் நம் கலங்கல் கிராமத்தில் 1893 இல் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் பள்ளியை வெறுத்தவர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டியே இயந்திரம் கற்றவர். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொடங்கியவர். ஏழைக்கும் எட்டும் விலையில் பொருள் செய்ய வேண்டும் என்ற துடிப்பும், அதற்காக அரசோடு மல்லுக்கட்டியதும் இருவருக்கும் பொது. நாடு வேறு, மொழி வேறு. கை அறிவு ஒன்றே.

லேக்கர் வென்றாரா, தோற்றாரா? நண்பர்கள் இருவிதமாகவும் வாதிடலாம். அவர் நிறுவனம் ஐந்தாண்டுகள் கூட அட்லாண்டிக் மேல் நிலைக்கவில்லை. ஆயினும் குறைந்த கட்டணத்தில் எளியவரும் பறக்கலாம் என்று அவர் காட்டிய வழியில் இன்று உலகெங்கும் விமானங்கள் பறக்கின்றன. நம் பீளமேடு விமான நிலையத்தில் முதன்முறையாக விமானம் ஏறக் கைப்பையோடு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அகலக் கால் வைத்தது அவர் பிழை. அந்தக் காலை வைத்த திசை பிழையன்று.

கட்டி முடித்த கார்வேரைச் சூலூர்ப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்து, விரலால் தடவிப் பார்த்தார். தலையைச் செதுக்கியவர் யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது அடுத்த கேள்வி.

நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதலாமாண்டு சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் தனியார் பணி என்று எழுதினேன். இரண்டாமாண்டும் அதையே எழுதினேன். டிங்கர் என்று எழுதக் கூச்சம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு இந்தச் சிறுமையும் என்னிடம் இருந்தது. பெரியவரிடம் அன்று தயங்காமல் சொன்னேன். வரும் ஆண்டுப் படிவத்திலும் அப்படியே எழுதுவேன்.

கார்வேர் இப்போது எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் நிற்கிறது. மூக்கினுள்ளே பட்டறையின் இரண்டு நட்டுகள் இருக்கின்றன. அதனால்தான் அது வாலில் சாயாமல் நேராக நிற்கிறது.